வீட்டுத் தூசியும் மூச்சிரைப்பும்



விடியற்காலை மூன்று மணி. ஊரே உறங்குகிறது. படுத்திருந்த குழந்தை எழுந்து உட்கார்ந்துகொண்டு மூச்சுக்குத் தவிக்கிறது. நெஞ்சுக்குள்ளே பூனைக்குட்டி கத்துவது போல ஒரு சத்தம். தாய் எழுந்து முதுகைத் தடவுகிறாள், தைலம் தேய்க்கிறாள், வெந்நீர் வைத்துக் கொடுக்கிறாள். இன்னும் சிறிது நேரத்தில் அவள் சமைத்து வைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போயாக வேண்டும். அன்றைய வேலை போனால் அன்றைய கூலியும் போயிற்று. தோட்டத்தில் வாழ்கிறவர்களுக்கும், தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிவந்தவர்களுக்கும் இந்தக் காட்சி புதிதன்று.

விடிந்ததும் அக்கம் பக்கத்தார் காரணம் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். மழையில் நனைந்தான் என்பார் ஒருவர். ஐஸ் தண்ணீர் குடித்தான் என்பார் இன்னொருவர். வாழைப்பழம் தின்றான் என்பார் மற்றொருவர். “வீட்டை ஒழுங்காகக் கூட்டிப் பெருக்கினால் இதெல்லாம் வருமா?” என்று ஒரு சொல்லும் எங்கிருந்தோ வந்து விழும். அந்தச் சொல் தாயின் மனத்தில் தைக்கிறது. அன்று முதல் அவள் காலையும் மாலையும் விளக்குமாற்றை எடுத்து முன்னிலும் வேகமாகக் கூட்டுகிறாள். ஆனாலும் அடுத்த வாரம் மறுபடியும் இழுப்பு வருகிறது.

அந்தத் தாய் செய்த குற்றம் என்ன? குற்றம் ஒன்றும் இல்லை. ஆனால், தூசி எங்கே இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மனித குலமே அதைக் கண்டறிய நானூறு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன். வரலாறு தெரிந்தால், விளக்குமாற்றை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்போது கீழே வைக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

முதலில் 1552-ஆம் ஆண்டுக்குப் போவோம். ஸ்காத்லாந்து நாட்டில் ஜான் ஹாமில்டன் என்பவர் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரின் பேராயராக இருந்தார். நாட்டின் மிகப் பெரிய மனிதர்களுள் ஒருவர். செல்வத்துக்குக் குறைவில்லை, ஏவலுக்கு ஆளுக்குக் குறைவில்லை. ஆனால், நிம்மதியாக மூச்சு விட மட்டும் அவரால் முடியவில்லை. ஆண்டுக் கணக்காக மூச்சிரைப்பு அவரை வாட்டியது. இத்தாலியின் மிலான் நகரிலிருந்து ஜெரோலமோ கார்டானோ என்னும் புகழ்பெற்ற மருத்துவரை அவர் வரவழைத்தார். கார்டானோ பெரிய கணித மேதையுமாவார். அவர் நெடுந்தூரம் பயணம் செய்து எடின்பரோ நகருக்கு வந்தார். பேராயரின் உணவையும் உறக்கத்தையும் பல வாரங்கள் கூர்ந்து கவனித்தார். பிறகு பல ஒழுங்குகளை வகுத்துக் கொடுத்தார். அவற்றுள் ஒன்று, பேராயர் படுத்த இறகு மெத்தையை எடுத்துவிட்டுப் பட்டினால் ஆன மெத்தையை விரிக்க வேண்டும் என்பது. பேராயரின் உடல்நிலை தேறியது.

மெத்தையை மாற்றியதால் மட்டுமே அவர் தேறினார் என்று நாம் அடித்துச் சொல்ல முடியாது. ஆயினும், மூச்சிரைப்புக்கும் படுக்கைக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணம் அன்றே ஒரு மருத்துவருக்குத் தோன்றியிருக்கிறது. நாம் கவனிக்க வேண்டிய வேறொன்றும் இதில் உண்டு. பேராயரின் மாளிகை குப்பை மேடு அன்று. பட்டு விரித்த மாளிகையிலும் இந்த நோய் இருந்தது. ஆகவே, மூச்சிரைப்பு ஏழை வீட்டின் அசுத்தத்தால் வரும் நோய் என்று யாராவது சொன்னால் நீங்கள் தலைகுனிய வேண்டியதில்லை.

அடுத்து, 1700-ஆம் ஆண்டு. இத்தாலி நாட்டு மருத்துவர் பெர்னார்டினோ ராமாஸ்ஸினி, தொழிலாளர்களுக்கு வரும் நோய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்தக் காலத்தில் மருத்துவர்கள் பெரும்பாலும் பிரபுக்களின் நோய்களைப் பற்றியே எழுதி வந்தார்கள். ராமாஸ்ஸினியோ சுரங்கத்துக்கும் பட்டறைக்கும் களஞ்சியத்துக்கும் போனார். தானியத்தைச் சலிப்பவர்களும் அளப்பவர்களும் தூசியைச் சுவாசித்து இருமுவதையும், அவர்கள் கண்ணும் தோலும் அரிப்பெடுப்பதையும் எழுதி வைத்தார். நோயாளியிடம், “நீ என்ன வேலை செய்கிறாய்?” என்று கட்டாயம் கேட்க வேண்டும் என மருத்துவர்களுக்கு அவர் கற்பித்தார். தூசி என்பது வெறும் அழுக்கு மட்டுமன்று, அது நோய்க்கும் காரணமாகும் என்பதைத் தொழிலாளியின் மார்பிலிருந்தே அவர் கற்றுக்கொண்டார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில், தாதியர் தொழிலுக்குப் பெருமை தேடித் தந்த பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இந்த வரலாற்றில் வருகிறார். நோயாளிகளைப் பேணும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய சிறு நூல் 1859-இல் வெளிவந்தது. உலர்ந்த துணியாலோ இறகுத் தூரிகையாலோ தட்டினால், தூசி அறையின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத்தான் போகுமே ஒழிய அறையை விட்டுப் போகாது என்று அதில் அவர் எடுத்துக் காட்டினார். ஈரத் துணியால் துடைப்பதே தூசியை அகற்றும் வழி என்றார். கிருமிகளைப் பற்றிய அறிவு இன்னும் வேரூன்றாத காலம் அது. அப்போதே அந்த அம்மையார் சொன்ன இந்த உண்மை இன்றும் மாறவில்லை.

இனி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்துக்கு வருவோம். 1901-ஆம் ஆண்டில் லண்டன் நகரில் ஹியூபர்ட் பூத் என்னும் பொறியியலாளர், தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைக் கண்டார். ஊதுவதற்குப் பதில் உறிஞ்சினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நாற்காலியின் மெத்தை மேல் கைக்குட்டையை விரித்து, அதில் வாயை வைத்து உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையின் அடிப்புறத்தில் கறுப்பாகத் தூசி ஒட்டியிருந்தது! அப்படித்தான் தூசி உறிஞ்சும் இயந்திரம் பிறந்தது. ஆனால், அந்த இயந்திரம் மிகப் பெரியது. குதிரை வண்டியில் ஏற்றி வந்து தெருவில் நிறுத்தி, சன்னல் வழியாக நீண்ட குழாய்களை வீட்டுக்குள் விடுவார்கள். செல்வந்தர்களுக்கே அது கட்டுப்படியாகும்.

அதைச் சாதாரண வீட்டுக்குள் கொண்டுவந்தவர் ஒரு துப்புரவுத் தொழிலாளி. அவர் பெயர் ஜேம்ஸ் மரே ஸ்பேங்லர். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், கேன்டன் என்னும் ஊரில், ஒரு பேரங்காடியைக் கூட்டித் துடைக்கும் வேலை அவருக்கு. வயதோ ஏறக்குறைய அறுபது. அவருக்கும் மூச்சிரைப்பு உண்டு. தரைவிரிப்புகளைக் கூட்டக் கூட்டத் தூசி எழும்பியது. எழும்பிய தூசி அவர் மூச்சை அடைத்தது. வேலையை விட்டால் சோறில்லை. வேலையைச் செய்தால் மூச்சில்லை. இந்த நிலையில் அவர் என்ன செய்தார் தெரியுமா? மின் விசிறி ஒன்றின் மோட்டாரை எடுத்தார். ஒரு பெட்டியில் பொருத்தினார். துடைப்பத்தின் கைப்பிடியை அதில் மாட்டினார். தூசியைப் பிடிக்க ஒரு தலையணை உறையைக் கட்டினார். எழும்புகிற தூசி காற்றில் பரவாமல் உறைக்குள் போய்விட்டது. 1907-இல் இதைச் செய்த அவருக்கு, 1908-இல் காப்புரிமையும் கிடைத்தது. அந்த உரிமையை வாங்கியவர் வில்லியம் ஹூவர் என்னும் வணிகர். உலகமெங்கும் பரவியது ஹூவரின் பெயர்தான். கண்டுபிடித்தவரோ 1915-இல் காலமானார்.

நேயர்களே, கூட்டும்போது எழும்பும் தூசிதான் தம் மூச்சை வாங்குகிறது என்பதை ஸ்பேங்லர் தம் அனுபவத்தால் அறிந்துகொண்டார். ஆனால், தூசியில் இருக்கும் எந்தப் பொருள் இதைச் செய்கிறது என்பது அவருக்கு மட்டுமன்று, அன்றைய பெரிய மருத்துவர்களுக்கும் தெரியாது.

அதை அறிய அறிவியல் இன்னும் சில படிகள் ஏற வேண்டியிருந்தது. 1906-ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவர் கிளெமென்ஸ் வான் பிர்கே, ‘அலர்ஜி’ என்ற சொல்லை உருவாக்கினார். நாம் அதை ஒவ்வாமை என்கிறோம். உடலைக் காக்க வேண்டிய காவற்படை, தீங்கில்லாத ஒரு பொருளைப் பகைவன் என்று எண்ணிப் போர் தொடுத்தால் அதுவே ஒவ்வாமை. போர் மூக்கில் நடந்தால் தும்மலும் சளியும். தோலில் நடந்தால் அரிப்பும் தடிப்பும். மூச்சுக் குழாயில் நடந்தால் குழாய் சுருங்கி இரைப்பு. 1921-இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கெர்ன், மூச்சிரைப்பு உள்ளவர்களின் தோலில் அவரவர் வீட்டுத் தூசியின் சாற்றை இட்டுப் பார்த்தார். பலருக்குத் தோல் தடித்தது. ஆக, வீட்டுத் தூசியில் ஏதோ ஒன்று இருக்கிறது என்பது உறுதியாயிற்று. அந்த ஏதோ ஒன்று என்ன?

1928-இல் ஜெர்மானிய மருத்துவர் ஹெர்மான் டெக்கர், படுக்கையில் வாழும் மிகச் சிறிய உண்ணிகள் காரணமாக இருக்கலாம் என்று எழுதினார். அவர் சொன்னதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துத்தான் விடை தெளிவாயிற்று. ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் வோர்ஹோர்ஸ்ட், ஸ்பீக்ஸ்மா முதலிய ஆய்வாளர்கள் பல வீடுகளின் தூசியைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். ஈரம் மிகுந்த வீடுகளின் தூசிதான் ஒவ்வாமையை அதிகமாகத் தூண்டியது. அந்தத் தூசியை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தபோது, உயிருள்ள உண்ணிகள் ஊர்ந்துகொண்டிருந்தன. 1964-இல் அவர்கள் அதை உலகுக்கு அறிவித்தார்கள்.

இந்தத் தூசி உண்ணி சிலந்திக்கும், நாயின் மேல் ஒட்டும் உண்ணிக்கும் தூரத்து உறவு. ஆனால், இது கடிக்காது, இரத்தம் குடிக்காது. ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு நீளமே இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரிவது அரிது. நம் உடலிலிருந்து நாள்தோறும் உதிரும் தோல் செதில்தான் இதன் உணவு. நாம் அதிக நேரம் உடம்பைக் கிடத்தும் இடம் எது? படுக்கை. ஆகவே, உண்ணியும் மெத்தையிலும் தலையணையிலும் போர்வையிலும் குடியிருக்கிறது. இது தண்ணீர் குடிப்பதில்லை. காற்றில் உள்ள ஈரத்தைத் தன் உடலால் உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீண்ட நாள் இருந்தால் காய்ந்து செத்துவிடும். ஐரோப்பாவில் மூச்சிரைப்பு உள்ளவர்களைச் சுவிட்சர்லாந்தின் மலையூர்களுக்கு அனுப்பும் வழக்கம் முன்பே இருந்தது. மலையில் ஏன் அவர்களுக்குச் சுகமாகிறது என்பதற்கும் இதனால் விளக்கம் கிடைத்தது. உயர்ந்த மலையின் உலர்ந்த காற்றில் உண்ணிகள் மிகக் குறைவு என்பதை அதே ஸ்பீக்ஸ்மா 1971-இல் எழுதினார்.

இதற்கிடையே 1966, 1967-ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவில் பணியாற்றிய ஜப்பானியத் தம்பதியரான இஷிஸாக்காக்களும், சுவீடன் நாட்டு ஆய்வாளர்களும், ஒவ்வாமையை நடத்தும் பொருள் இரத்தத்தில் எது என்பதைக் கண்டுபிடித்தார்கள். பிறகு 1981-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இன்னொரு பெரிய உண்மையைச் சொன்னது. டோவி, சாப்மன், பிளாட்ஸ்-மில்ஸ் ஆகிய மூவரும் செய்த ஆய்வு அது. ஒவ்வாமைக்கு முக்கிய காரணம் உயிருள்ள உண்ணி அன்று, அதன் எச்சம் என்பதே அந்த உண்மை. ஓர் உண்ணி நாளொன்றுக்கு ஏறத்தாழ இருபது எச்ச உருண்டைகளை இடுகிறது. ஒவ்வோர் உருண்டையும் ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்கிட்டால் ஒரு பங்கு அளவு. மெத்தையைத் தட்டினாலோ தரையைக் கூட்டினாலோ அவை எழும்பி மூக்கினுள் போகின்றன. அரை மணி நேரத்திற்குள் பெரும்பாலும் கீழே படிந்துவிடுகின்றன.

இப்போது அந்தத் தாயின் கதைக்குத் திரும்புவோம். விளக்குமாற்றால் வேகமாகக் கூட்டியபோது அவள் எச்ச உருண்டைகளைக் காற்றில் எழுப்பினாள். குழந்தை பக்கத்தில் விளையாடிக்கொண்டிருந்தது. கூட்டி முடித்ததும் அவை மீண்டும் பாயிலும் தலையணையிலும் படிந்தன. இரவு முழுவதும் குழந்தையின் முகம் அந்தத் தலையணையில் புதைந்திருந்தது. அவள் சோம்பேறி அல்லள். கூட்டுவது வேறு, தூசியை அகற்றுவது வேறு என்பதுதான் அவளுக்குத் தெரியாமல் போயிற்று.

ஹாலந்தும் சுவிட்சர்லாந்தும் இருக்கட்டும், நம் நாட்டில் நிலைமை என்ன என்று நீங்கள் கேட்கலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் காற்றின் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் சராசரி 80 விழுக்காட்டை ஒட்டி இருக்கிறது. உண்ணிக்கு இதைவிட நல்ல ஊர் கிடையாது. குளிர் நாட்டு உண்ணியோடு, வெப்ப நாடுகளுக்கே உரிய இன்னோர் இனமும் நம் வீடுகளில் ஏராளமாக வாழ்கிறது. ‘புளோமியா டிராபிகாலிஸ்’ என்று பெயரிடப்பட்ட இதை அறிஞர்கள் 1973-இல் தனி இனமாக விவரித்தார்கள். கோலாலம்பூரில் 1900-இல் தொடங்கப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் பல்லாண்டு பணியாற்றி, உண்ணிகளைப் பற்றி உலகறியும் ஆய்வுகளைச் செய்தவர் எம். நட்சத்திரம். வீட்டுத் தூசி உண்ணிகள் நம்மோடு எவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கின்றன என்பதை 2005-ஆம் ஆண்டில் அவர் விரிவான கட்டுரையாக எழுதினார். ஆகவே, இது எங்கோ வெள்ளைக்காரன் நாட்டுச் சங்கதி அன்று; நம் வீட்டுத் தலையணைக்குள் நடக்கும் சங்கதி.

கரப்பான் பூச்சியையும் மறக்கக் கூடாது. அதன் எச்சிலும் எச்சமும் உதிரும் உடல் துணுக்குகளும் ஒவ்வாமை உண்டாக்கும் என்பது 1964-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. 1997-இல் வெளியான ஓர் ஆய்வு, அமெரிக்கப் பெருநகரங்களின் ஏழை வட்டாரங்களில் வாழும் 476 பிள்ளைகளைப் பற்றியது. கரப்பான் ஒவ்வாமை இருந்து, படுக்கையறையில் கரப்பான் எச்சமும் மிகுந்திருந்த பிள்ளைகளே மூச்சிரைப்பால் அதிகமாக மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள் என்று அது காட்டியது.

சரி, நாம் செய்யக் கூடியது என்ன? காற்றை உலர வைப்பது குளிர் நாட்டுக்காரர்களுக்கு எளிது. நமக்கு அது ஆகாத காரியம். ஆனால், நம்மிடம் வேறு மூன்று ஆயுதங்கள் உண்டு. வெந்நீர், வெயில், ஈரத் துணி. இவற்றுக்கு அதிகப் பணம் வேண்டியதில்லை.

முதலில் படுக்கையைக் கவனியுங்கள். 1992-இல் செய்யப்பட்ட ஓர் ஆய்வின்படி, 55 பாகை செல்சியசுக்குக் குறையாத வெந்நீரில் துவைத்தால் உண்ணிகள் அனைத்தும் சாகின்றன. அந்த அளவு சூடு கையைப் புண்ணாக்கிவிடும். ஆகையால், துணியை வெந்நீரில் ஊறவிட்டு, ஆறிய பிறகு கசக்குங்கள்; குழந்தைகள் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெந்நீருக்கு வசதி இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். பச்சைத் தண்ணீரில் துவைத்தாலும் எச்சத்தின் பெரும்பகுதி கரைந்து போய்விடும், உண்ணிதான் பிழைத்துக்கொள்ளும். தலையணை உறை, படுக்கை விரிப்பு, போர்வை ஆகியவற்றை வாரம் ஒரு முறை துவைப்பது நலம்.

அடுத்தது வெயில். மெத்தையையும் தலையணையையும் வெயிலில் போடும் வழக்கம் நம் பாட்டிமார் காலத்திலிருந்தே உண்டு. அது வீண் வழக்கம் அன்று. 1994-இல் ஆஸ்திரேலியாவில், தரைவிரிப்புகளைக் கடும் வெயிலில் நேராக விரித்து வைத்தபோது அவற்றிலிருந்த உண்ணிகள் செத்துப்போயின. சூடும் உலர்ச்சியும் சேர்ந்து கொல்கின்றன. ஆனால், தடித்த மெத்தையின் உட்புறம் வரை சூடு போய்ச் சேர்வது கடினம். மெல்லிய பாய்க்கும் விரிப்புக்கும் வெயில் நன்றாகப் பயன்படும். செத்த உண்ணியும் அதன் எச்சமும் உள்ளேயே கிடக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஆகவே, வெயிலில் காய்ந்த பிறகு, வீட்டுக்கு வெளியே, நோயில்லாத ஒருவர் அவற்றைத் தட்டி உதற வேண்டும். ஆண்டுக் கணக்காகப் பயன்படுத்திப் பழுப்பேறிய இலவம்பஞ்சுத் தலையணையைக் காப்பாற்ற முயல்வதைவிட, துவைக்கக் கூடிய தலையணை ஒன்றை வாங்குவது மேல்.

மூன்றாவது ஈரத் துணி. சிமெந்துத் தரை, பலகைத் தரை இவற்றைக் கூட்டுவதை விட, ஈரத் துணியால் துடைப்பது நல்லது. கூட்டியே ஆக வேண்டுமென்றால் சிறிது தண்ணீர் தெளித்துவிட்டு மெதுவாகக் கூட்டுங்கள். நோயுள்ள பிள்ளையை அப்போது வெளியே அனுப்பி, அரை மணி நேரம் கழித்து உள்ளே அழையுங்கள். அலமாரியின் மேற்புறம், சன்னல் கம்பி, மின் விசிறியின் இறக்கை ஆகியவற்றையும் ஈரத் துணியால்தான் துடைக்க வேண்டும். வெறும் தரையும் பாயும் ஏழ்மையின் அடையாளம் என்று சிலர் நினைக்கிறார்கள். மூச்சிரைப்பு உள்ள வீட்டில் தரைவிரிப்பையும் பஞ்சடைத்த நாற்காலியையும் விட அவையே சிறந்தவை. பிள்ளை கட்டிப்பிடித்துத் தூங்கும் துணிப் பொம்மையையும் துவைக்க மறக்காதீர்கள். துவைக்க முடியாத பொம்மையைப் பையில் கட்டி, குளிர்ப்பெட்டியின் பனிக்கட்டி அறையில் ஒரு நாள் முழுவதும் வைத்து எடுத்தால் உண்ணிகள் செத்துவிடும்.

கரப்பானுக்கு மருந்து தெளிப்பதைவிட அதன் சோற்றையும் தண்ணீரையும் நிறுத்துவதே வழி. இரவில் எச்சில் தட்டைக் கழுவாமல் வைக்காதீர்கள். அரிசி, பிஸ்கட்டு முதலியவற்றை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். ஒழுகும் குழாயைச் சரிசெய்யுங்கள். தெளிக்கும் மருந்தின் நெடியே சில பிள்ளைகளுக்கு இழுப்பை வரவழைக்கும். சிகரெட்டுப் புகையும், விறகுப் புகையும், கொசுவர்த்திச் சுருளின் புகையும் அப்படியே. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் வீடுகளில், பிள்ளை வெளியே இருக்கும் நேரத்தில் சன்னலைத் திறந்து வைத்துப் போடுங்கள். வழிபாடு குறைவுபடாது, பிள்ளையின் மூச்சும் தப்பும்.

இவற்றில் ஏதேனும் ஒன்றை மட்டும் செய்தால் போதுமா? போதாது என்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. 2003-இல் பிரிட்டனில் 1,122 பெரியவர்களுக்கு உண்ணி புகாத மெத்தை உறைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். உறை மட்டுமே நோயைக் குறைக்கவில்லை. 2004-இல் அமெரிக்காவின் ஏழு நகரங்களில் 937 பிள்ளைகளின் வீடுகளில் படுக்கை, தூசி, கரப்பான், புகை ஆகிய அனைத்தையும் ஒருசேரக் கவனித்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு நோய் தொந்தரவு செய்யும் நாட்கள் குறைந்தன. அடுத்த ஆண்டிலும் அந்தப் பலன் நீடித்தது. பல சிறு வேலைகள் சேர்ந்துதான் பயன் தருகின்றன.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கூரை ஒழுகி, சுவர் ஊறி, பூஞ்சணம் படிந்த வீட்டில் ஒரு தாய் எத்தனை முறை துடைத்தாலும் ஈரம் போகாது. அது விளக்குமாற்றின் வேலை அன்று; வீட்டைக் கட்டிக் கொடுத்தவரின் வேலை. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குறைந்தபட்சத் தரத்தை விதிக்கும் சட்டம் மலேசியாவில் 1966-இல் வந்தது. அதற்குப் பதிலாக 1990-இல் வேறு சட்டம் இயற்றப்பட்டு, 2019-இல் அது திருத்தவும் பட்டது. குடியிருப்புகளைப் பழுதில்லாமல் வைத்திருக்க வேண்டியது முதலாளியின் கடமை. ஒழுகும் கூரையைப் பற்றி நிர்வாகத்திடம் சொல்வது பிச்சை கேட்பதாகாது. தனியாகக் கேட்கத் தயங்கினால், நாலு குடும்பம் சேர்ந்தோ தொழிற்சங்கத்தின் வழியாகவோ எழுத்தில் கேளுங்கள்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. எல்லா மூச்சிரைப்பும் தூசியால் வருவதன்று. சளிக் காய்ச்சல், புகை, கடும் ஓட்டம் ஆகியவற்றாலும் வரும். எதனால் வருகிறது என்பதை மருத்துவர் சோதித்துச் சொல்வார். அவர் கொடுக்கும் உறிஞ்சு மருந்தை, வீடு சுத்தமாகிவிட்டது என்பதற்காக நிறுத்திவிடாதீர்கள். அந்த மருந்து பழகிவிடும் என்று பயப்படவும் வேண்டாம். பேச முடியாமல் மூச்சு திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

இழுப்பு எப்போது வருகிறது? படுத்த பிறகா, கூட்டும்போதா, மழை நாளிலா? பிள்ளையின் பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் குறித்து வாருங்கள். மருத்துவரிடம் போகும்போது அதைக் கொண்டு போங்கள். பேராயரின் படுக்கையை உற்றுக் கவனித்த மருத்துவரும், தம் மூச்சு எப்போது அடைக்கிறது என்பதைக் கவனித்த துப்புரவுத் தொழிலாளியும் செய்தது அதைத்தான். இன்று மாலையே ஒரு தலையணை உறையிலிருந்து தொடங்குங்கள். பெரட்டுக்குப் போக வேண்டிய தாய்க்கும், பள்ளிக்குப் போக வேண்டிய பிள்ளைக்கும் உறக்கம் கிடைக்கும் இரவுகள் கூடட்டும்.